வக்கீலின் கல்வி யாருடைய உரிமை?

நீதிமன்ற வளாகத்தில் ஒரு முற்பகல் நேரம் நின்று காது கொடுத்துக் கேட்பவர், மத்ரஸாவில் நாலு கித்தாபு ஓதியவராகவும் இருந்துவிட்டால், ஒரு புதுமையை உணர்வார். வக்கீல், வக்காலத்து, தாவா, ஆஜர், வாய்தா, ஜாமீன், ஜப்தி, ரத்து, அசல், நகல் என அங்கே புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை அரபு மொழியிலிருந்து புறப்பட்டு, பாரசீகத்தில் இளைப்பாறி, நவாபுகளின் கச்சேரி வழியே தமிழுக்குள் குடியேறியவை. வழக்குக்காக வயலை விட்டு வந்து நிற்கும் குடியானவரும் ‘வாய்தா’ என்கிறார். அது ‘வாக்குறுதி’ என்னும் பொருளுடைய அரபுச் சொல் என்பது அவருக்குத் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அடுத்த வாய்தா என்றைக்கு என்பதே அவர் கவலை.

இச்சொற்களுள் ‘வக்கீல்’ என்பதை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஃபிக்ஹு நூல்களில் ‘கிதாபுல் வகாலத்’ என்று தனிப் பிரிவே உண்டு. தம் காரியத்தைத் தாமே முடித்துக்கொள்ள இயலாத ஒருவர், அல்லது விரும்பாத ஒருவர், அதனை மற்றொருவர் கையில் ஒப்படைக்கிறார். ஒப்படைக்கப்பட்டவர் வகீல். வழக்காடுவதற்கென ஒருவரை நியமிப்பதும் இதில் அடங்கும். அலீ (ரலி) அவர்கள் வழக்குகளில் தாமே நேர் நின்று வாதிட விரும்பாமல், முதலில் தம் சகோதரர் அகீல் (ரலி) அவர்களையும், அவர் முதுமையுற்ற பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களையும் வகீலாக்கினார்கள் என நூலோர் எழுதுகின்றனர். ஆக, பிறருக்காக வாதாடும் தொழிலை நம் முன்னோர் ஐயக்கண் கொண்டு பார்க்கவில்லை. ஆனால், அதனை ஓர் ஒப்படைப்பாக, அமானிதமாகக் கண்டனர்.

நாம் எடுத்துக்கொண்ட வினா இவ்விடத்தில்தான் பிறக்கிறது. இருபத்து நான்கு வயதில் பட்டம் பெற்றுப் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட ஒருவர், அறுபதாம் வயதிலும் அதே பதிவைக் கொண்டு பிறருடைய சொத்துக்காகவும் மானத்துக்காகவும் சில வேளைகளில் உயிருக்காகவும் வாதாடுகிறார். இடையில் கழிந்த முப்பத்தாறு ஆண்டுகளில் சட்டம் எத்தனை முறை மாறிற்று, அம்மாற்றங்களை அவர் எந்த அளவுக்குப் பயின்றார் என்று கேட்பாரில்லை. அவர் தொடர்ந்து பயில்வது அவருடைய சொந்த நற்குணமா? அன்றி, அவரிடம் வழக்கை ஒப்படைத்தவரின் ஹக்கா? நற்குணம் என்போமாயின், உள்ளவரைப் பாராட்டலாம். இல்லாதவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஹக்கு என்போமாயின், கொடுக்கப்படாத ஹக்கு கடனாகிவிடுகிறது.

இவ்வினா நமக்கு நூலிலிருந்து எழுந்ததன்று. 2009ஆம் ஆண்டில் ஒரு பிற்பகலில், ஒரு தாயும் மகளும் மத்ரஸாவுக்கு வந்தனர். மகள் தலாக் சொல்லப்பட்டவர். இடுப்பில் ஒரு குழந்தை. வக்கீல் எழுதித் தந்த சமரசப் பத்திரத்தை நம்மிடம் நீட்டி, “ஹஜ்ரத், இதுல எம் மக கையெழுத்துப் போடலாங்களா?” என்று தாய் வினவினார். மஹர், இத்தாக் காலமாகிய மூன்று மாதங்களுக்கான செலவு, இவ்வளவே அதிலிருந்தன. “இதுக்கு மேல கேக்கச் சட்டத்துல இடமில்லேன்னுட்டாரு வக்கீலு” என்றார். அந்த வக்கீலை நாம் நன்கறிவோம். நேர்மையாளர், இல்லாதவரிடம் ஃபீஸ் என்று வாய் திறவாதவர். 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் பாதுகாப்புச் சட்டம் வந்த புதிதில் அதனை வரி வரியாகப் படித்து ஊருக்கு விளக்கியவரும் அவரே. அவருடைய விளக்கத்தையே நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊர்ப் பஞ்சாயத்துகளில் சொல்லி வந்தோம். ஆகவே, “போடலாம்மா” என்றோம். அப்பெண் கையெழுத்திட்டார்.

சில மாதங்கள் சென்றபின், நம்மிடம் ஓதிப் பின்னர் சட்டம் பயின்ற இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். பேச்சுவாக்கில் இதனைக் கூறியபோது அவர் முகம் மாறிற்று. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 28 அன்றே, டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பொருள் உரைத்துவிட்டது என்றார். கணவர் இத்தாக் காலத்துக்குள் தரவேண்டியது அந்த மூன்று மாதச் செலவு மாத்திரமன்று, அப்பெண்ணின் வருங்காலத்துக்கான நியாயமான ஏற்பாடும் அதிலடங்கும் என்பதே தீர்ப்பின் சாரம். எட்டு ஆண்டுகளாக அது நாட்டின் சட்டமாக நின்றிருக்கிறது. நம் வக்கீலோ 1986இலேயே நின்றிருக்கிறார். அவர் தோளைப் பற்றிக்கொண்டு நாமும் அங்கேயே நின்றிருக்கிறோம்.

அத்தீர்ப்பு ஷரீஅத்தின் நோக்கில் ஏற்புடையதா என்பதில் உலமாக்களிடையே நிலவும் கருத்து வேற்றுமை வேறு பொருள். அதனை விவாதிக்க நாம் இங்கு வரவில்லை. நீதிமன்றம் எந்தச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளிக்கும் என்பதைத் தன் கட்சிக்காரருக்கு உள்ளபடி சொல்வது வக்கீலின் கடமை. கேட்பதும் கேளாதிருப்பதும் அப்பெண்ணின் முடிவாக இருந்திருக்க வேண்டும். அறியாமை அம்முடிவை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. மீண்டும் நீதிமன்றப் படி ஏற அவருக்கு மனமும் இல்லை, பணமும் இல்லை. இன்று சட்டம் இன்னும் ஒரு படி நகர்ந்துவிட்டது. 2024 ஜூலை 10 அன்று, தெலங்கானாவைச் சேர்ந்த அப்துல் ஸமத் வழக்கில், தலாக் பெற்ற முஸ்லிம் பெண் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழும் ஜீவனாம்சம் கேட்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2001இல் நின்றுவிட்டவருக்கு இது தெரியாது.

நம் ஊரில் நேர்ந்தது ஒரு சமரசப் பத்திரத்தோடு முடிந்தது. அறியாமை மிகச் சிறியதாகவும் விலை மிகப் பெரியதாகவும் அமைந்த ஒரு வழக்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்தது. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1985ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகர்ப்புறத்தில் உணவகங்களின் மேலாளர் இருவர் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூன்றாமவர் காயத்தோடு உயிர் பிழைத்தார். அவர் அடையாளம் காட்டியதன் பேரில் அந்தோணி ரே ஹிண்டன் என்ற கறுப்பின இளைஞர் கைது செய்யப்பட்டார். அவர் தம் தாயாரோடு வசித்த வீட்டில் ஒரு பழைய ரிவால்வர் கிடைத்தது. மூன்று இடங்களிலும் கிடைத்த ஆறு குண்டுகளும் அந்த ரிவால்வரிலிருந்தே வெளிப்பட்டவை என்று அரசுத் தரப்பு நிபுணர்கள் கூறினர். கொலைகளோடு அவரைப் பிணைத்த கயிறு அது ஒன்றே. அதனை அறுக்க வேண்டுமானால், குண்டுகளை ஆய்ந்து மறுத்துரைக்கவல்ல தகுதியான நிபுணர் ஒருவர் எதிர்த்தரப்புக்கும் தேவை. ஹிண்டன் ஏழை, அவருடைய வக்கீல் அரசு நியமித்தவர். நிபுணருக்கான ஊதியத்தை நீதிமன்றம்தான் அனுமதிக்க வேண்டும்.

நீதிபதி ஆயிரம் டாலர் அனுமதித்தார். வழக்கொன்றுக்கு ஐந்நூறு என்று இரண்டு கொலை வழக்குகளுக்கும் சேர்த்த தொகை அது. சட்டத்தின் வரம்பு அதுவே என்று நீதிபதி நினைத்தார். வக்கீலும் அவ்வாறே நினைத்தார். ஆனால், கைதுக்கு ஓராண்டுக்கும் முன்னரே, 1984 ஜூன் மாதத்தில், அந்தச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. ஐந்நூறு டாலர் என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டு, நியாயமான செலவு எதுவாயினும் நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு பெறலாம் என்றாகியிருந்தது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் இயலுமா என்று பார்க்கலாம் என நீதிபதியே வாசலைச் சற்றுத் திறந்தும் வைத்தார். வக்கீல் அந்த வாசலைத் தட்டவில்லை. திருத்தத்தை வாசிப்பதற்கு அரைமணி நேரம் பிடித்திருக்குமா என்பது ஐயம்.

ஆயிரம் டாலருக்கு இசைந்த நிபுணர் ஒருவரே கிடைத்தார். அவர் ஒற்றைக் கண் பார்வையுடையவர். அவர் போதுமானவரல்லர் என்று வக்கீலே அறிந்திருந்தும், வேறு வழியில்லை என்றெண்ணி அவரையே கூண்டில் ஏற்றினார். நுண்ணோக்கியைக் கையாள அவர் தடுமாறியதை அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில் வெளிக்கொணர்ந்தார். 1986இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2002இல், தேர்ந்த நிபுணர் மூவர் அக்குண்டுகளை ஆராய்ந்து, அவை அந்த ரிவால்வரிலிருந்து வந்தவை என உறுதி கூற இயலாது என்று நீதிமன்றத்தில் சாட்சியமளித்தனர். அப்பொழுதும் கதவு திறக்கவில்லை. 2014 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் குறையைச் சுட்டியது. ஒற்றைக் கண்ணரைத் தேர்ந்ததை அது குறையாகக் கூறவில்லை. தன் வழக்கின் ஆணிவேரான சட்டத்தை அறியாதிருந்ததும், அறிந்துகொள்ள அடிப்படைத் தேடலையும் செய்யாததும், அதனால் கூடுதல் பணம் கேளாததுமே வக்கீலின் குறை என்றது. 2015 ஏப்ரல் 3 அன்று ஹிண்டன் விடுதலையானார். சிறை புகும்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. வெளியே வரும்போது ஐம்பத்தெட்டு.

இவ்வழக்கில் நம்மை உறுத்துவது, அந்த வக்கீல் கெட்டவரல்லர் என்பது. இலஞ்சம் வாங்கவில்லை, கட்சிக்காரரைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு திருத்தத்தை வாசிக்கத் தவறினார், அவ்வளவே. அத்தவறுக்கான முப்பது ஆண்டுத் தண்டனையை அனுபவித்தவர் வேறொருவர். மருத்துவர், வக்கீல், முஃப்தி ஆகிய மூவரின் தொழிலுக்கும் உள்ள பொது இலக்கணம் இது. குடை தைப்பவர் தொழிலை மறந்தால் குடை அவர் கையிலேயே திரும்பி வரும். இம்மூவர் மறந்தால், விளைவு அவர்களிடம் திரும்பி வருவதில்லை. பல வேளைகளில் தாம் மறந்தது அவர்களுக்குத் தெரிவதுமில்லை. தோற்றவருக்கும் தாம் எதனால் தோற்றோம் என்பது புலப்படுவதில்லை. விதி என்று கூறிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

மருத்துவம் அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி ஒன்று அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. பொறுப்பாளி என்பதற்கு அங்கே ஆளப்பட்ட சொல் ‘ளாமின்’. நம் கச்சேரியில் ‘ஜாமீன்’ என வழங்குவது அச்சொல்லே. வக்கீல் கட்சிக்காரருக்கு ஜாமீன் வாங்கித் தருகிறார். தம் அறிவுக்குத் தாமே ஜாமீன் நிற்க வேண்டியவர் என்பது அவருக்கு நினைவிருக்க வேண்டும்.

விசாரணை நீதிமன்றத்தில் வாதாடுபவருக்கும் மேல்முறையீட்டில் வாதாடுபவருக்கும் இக்கடமை ஒரே வடிவில் அமைவதில்லை என்பதையும் காண வேண்டும். பொதுமக்களிடம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: கீழ்க்கோர்ட்டில் தோற்றாலும் ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பது. ஹைகோர்ட்டு வக்கீல் எத்துணைப் பேரறிஞராயினும், பெரும்பாலும் கீழே பதிவான ஏடுகளைக் கொண்டே பேச முடியும். கீழே கேட்கப்படாத கேள்விக்கு மேலே விடை இருக்காது. 2017இல் சோனு எதிர் ஹரியானா மாநிலம் என்ற வழக்கில் இது வெளிச்சமாயிற்று. ஆள்கடத்திக் கொன்ற குற்றச்சாட்டு. கைத்தொலைபேசி அழைப்புப் பட்டியல்கள் சான்றாக வைக்கப்பட்டன. அவற்றுக்குச் சட்டம் கோரும் சான்றிதழ் இல்லை. விசாரணையின்போது எவரும் ஆட்சேபிக்கவில்லை. மேலே சென்றபின் அக்குறையை எழுப்பியபோது, மெய்ப்பிக்கும் முறை பற்றிய ஆட்சேபணையை ஆவணம் குறியீடு செய்யப்படும் வேளையிலேயே எழுப்பியிருக்க வேண்டும், மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அன்று கீழே ஒரு வரி பேசியிருந்தால் வழக்கின் போக்கு மாறியிருக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். பேசுவதற்கான நேரம் ஒன்றிருந்தது, அது கடந்துவிட்டது.

ஆதலின், விசாரணை வக்கீல் மேல்முறையீட்டின் விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். எந்த ஆட்சேபணையை எந்தக் கணத்தில் பதிவு செய்தால் பின்னர் அது உயிரோடிருக்கும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். மேல்முறையீட்டு வக்கீலோ, சாட்சி விசாரணையின் நெளிவு சுளிவுகளை மறந்துவிட்டால், ஏட்டில் உள்ள மௌனங்களை வாசிக்க இயலாதவராகிறார். இருவரும் ஒருவர் பாடத்தை மற்றவர் அவ்வப்போது ஓத வேண்டியவர்கள்.

அந்தச் சான்றிதழ் கதையே வக்கீலின் தொடர்கல்விக்கு ஒரு முழுப் பாடம். கணினி, கைத்தொலைபேசி முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் ஆவணங்களுக்கான 65பி என்ற பிரிவு 2000ஆம் ஆண்டில் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சான்றிதழ் இல்லாவிடினும் வேறு வழியில் மெய்ப்பிக்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இல்லை, சான்றிதழ் கட்டாயம் என்று 2014இல் அன்வர் வழக்கில் மாற்றியது. 2018இல் அக்கட்டாயம் சில நிலைகளில் தளர்த்தப்பட்டது. 2020 ஜூலை 14 அன்று அந்தத் தளர்வு தவறு எனக் கூறி மீண்டும் கட்டாயமாக்கியது. ஒரு பிரிவு, பதினைந்து ஆண்டுகள், நான்கு நிலைகள். இவற்றுள் ஏதேனும் ஒன்றில் கண்ணயர்ந்த வக்கீல், மற்றவற்றில் நிபுணராயினும் தம் கட்சிக்காரருக்குத் தீங்கிழைத்தவராகிறார்.

இதனை ஓதும்போது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய சொல்லும் புதிய சொல்லும் நம் நினைவுக்கு வருகின்றன. இராக்கில் வாழ்ந்தபோது இமாமவர்கள் உரைத்தவை ‘கதீம்’. எகிப்துக்குச் சென்றபின் மறு ஆய்வு செய்து உரைத்தவை ‘ஜதீத்’. சில மஸ்அலாக்கள் நீங்கலாக, புதியதைக் கொண்டே ஃபத்வா வழங்க வேண்டும் என்பது மத்ஹபின் விதி. பழைய சொல்லை மட்டும் மனனம் செய்து வைத்திருப்பவர் கல்லாதவர் அல்லர். ஆயினும் ஃபத்வா கேட்டு வந்தவருக்கு அவர் தருவது பிழையான விடை. அத்தனை பெரிய இமாமே தம் சொல்லைத் தாமே மீளாய்ந்தார்கள் என்றால், அவர்களுக்குப் பின்வந்தவர் நாற்பதாண்டுகள் ஒரே குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பதற்கு எங்ஙனம் சமாதானம் கூறுவது?

2024 ஜூலை முதல் நாள் நம் நாட்டின் குற்றவியல் வக்கீல் அனைவரையும் ஒரே இரவில் மீண்டும் மாணவராக்கிவிட்டது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் விலகி, பாரதிய நியாய சன்ஹிதா முதலிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கொலைக்குரிய 302 இப்போது 103. ஏமாற்றுக்காரனுக்குத் தமிழில் அடைமொழியாகவே ஆகிவிட்ட 420, இப்போது 318க்குள் அடங்கிவிட்டது. அடைமொழி மட்டும் மாறாது போலும்! முன்பு 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன். 65பி இப்போது 63. சான்றிதழுக்கு இரு பகுதிகள் கொண்ட படிவமும் வந்துவிட்டது. அத்தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துமாதலால், இரண்டையும் சுமந்தே நீதிமன்றம் செல்ல வேண்டியுள்ளது. இலக்கம் மாறியது எளிய பகுதி. இலக்கத்தோடு எங்கெங்கே பொருளும் மாறியிருக்கிறது என்பதைக் கண்டறிவதே கல்வி.

அறியாமை எப்போது மன்னிக்கத்தக்க காரணமாகும் என்பதை உஸூல் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கல்வி எட்டாத தொலைவில் இருந்தவருக்கு மன்னிப்புண்டு. எட்டும் தொலைவில் இருந்தும் கை நீட்டாதவருக்கு இல்லை என்பது அவ்வாராய்ச்சியின் போக்கு. ஒரு காலத்தில் சிற்றூர் வக்கீல்களுக்கு இம்மன்னிப்பு ஓரளவு பொருந்தியது. தீர்ப்புத் தொகுதிகள் விலை மிகுந்தவை. மாவட்டத் தலைநகருக்கே வாரங்கள் கழித்து வந்து சேரும். இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், 2023 முதல், கட்டணமின்றிக் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன; பல தீர்ப்புகள் தமிழிலும் வந்துள்ளன. கை நீட்டும் தொலைவு குறையக் குறைய, மன்னிப்பின் எல்லையும் சுருங்குகிறது.

அப்படியாயின், கட்டாயப்படுத்தலாமா? நம் நாட்டில் நுழைவாயிலில் ஒரு தேர்வுண்டு. 2010இல் பார் கவுன்சில் ஏற்படுத்திய அத்தேர்வு செல்லும் என 2023இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அது வாயிற்படியில் ஒருமுறை கேட்கப்படும் கேள்வி. உள்ளே நுழைந்த பின்னர் இத்தனை மணி நேரம் பயின்றால்தான் பதிவு நீடிக்கும் என்ற விதி இல்லை. நீதிபதிகளுக்கோ போபாலில் தேசிய நீதித்துறை அகாதெமியும் மாநிலங்களில் அகாதெமிகளும் உண்டு. தீர்ப்பளிப்பவர் மீண்டும் மீண்டும் வகுப்பில் அமர, அவருக்கு வழக்கை விளக்க வேண்டியவர் அமராதிருப்பது விந்தையே.

அமெரிக்காவில் மின்னசோட்டா, ஐயோவா மாநிலங்கள் 1975இலேயே வக்கீல்களுக்குத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கின. பிற மாநிலங்களில் பெரும்பாலானவை பின்தொடர்ந்தன. கலிபோர்னியாவில் மூன்றாண்டுக்கு இருபத்தைந்து மணி நேரம். பிலிப்பைன்ஸ் நாட்டில் மூன்றாண்டுக்கு முப்பத்தாறு. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்குப் பதினாறு மணி என்றிருந்த விதியை 2016இல் கைவிட்டு, தம் குறையைத் தாமே ஆராய்ந்து, அதற்கேற்பக் கற்றதாக ஆண்டுதோறும் உறுதிகூறும் முறையை மேற்கொண்டனர். மணியை எண்ணலாம், கல்வியை எண்ண முடியாது என்பது அவர்கள் கண்ட உண்மை. இதனை அறிய இங்கிலாந்து வரை செல்ல வேண்டியதில்லை. ஹாஜர் பட்டியலில் நாள் தவறாது பெயர் இருந்தும், ஆண்டு முடிவில் ‘மீஸான்’ கித்தாபின் முதல் பக்கத்தைத் தாண்டாத மாணவர்களை ஒவ்வொரு மத்ரஸா ஆசிரியரும் அறிவார். ஆஜராவது வேறு, ஓதுவது வேறு.

எனினும், மணிக்கணக்கை முற்றாகத் தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. மனசாட்சிக்கு விட்டுவிடுவோம் என்பது கேட்க அழகாயிருக்கும். ஆனால், தன் அறியாமையை அறியாதவரிடம் மனசாட்சி என்ன செய்யும்? நம் ஊர் வக்கீலுக்கு மனசாட்சி இருந்தது. நமக்கும் இருந்தது. எட்டாண்டுகளில் அது ஒருநாளும் உறுத்தவில்லையே! ஆண்டுக்கு ஒரு நாள் அவரை வலிந்து ஓர் அறையில் உட்கார வைத்து, இவ்வாண்டின் முக்கியத் தீர்ப்புகள் இவை என்று ஒருவர் வாசித்திருந்தால், பாதித் தூக்கத்திலேனும் அச்செய்தி காதில் விழுந்திருக்கும்.

ஹனஃபீ நூல்களில் காணும் ஒரு விதி இங்கே நமக்குத் துணை நிற்கிறது. வயதும் அறிவும் வந்த சுதந்திர மனிதர் தம் செல்வத்தை வீணாக்கினாலும், அவருடைய செயலுரிமையைத் தடை செய்யலாகாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கொள்கை. தனிமனித உரிமையில் அத்துணைக் கண்டிப்புடைய இமாமவர்களே மூவரை மட்டும் தொழில் செய்யாது தடுக்க வேண்டும் என்றார்கள்: பொறுப்பற்ற முஃப்தி, அறியாத மருத்துவர், கைப்பொருளற்ற வாடகைக்காரர். மூன்றாமவர் யார் எனில், ஒட்டகம் தருவதாகப் பயணிகளிடம் கூலி வாங்கிக்கொள்வார்; அவரிடம் ஒட்டகம் இராது; புதிதாக வாங்கப் பணமும் இராது. காஃபிலா புறப்படும் நாளில்தான் பயணிக்கு அது தெரியவரும். முதலாமவர் மக்களின் தீனைக் கெடுக்கிறார், இரண்டாமவர் உடலைக் கெடுக்கிறார், மூன்றாமவர் பொருளைக் கெடுக்கிறார் என்று காரணம் கூறுவர். ஓதிய நாளில் இம்மூன்றாமவரை ஏன் முஃப்தியோடும் மருத்துவரோடும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள் என்று நாம் வியந்ததுண்டு. 2009க்குப் பின் அவ்வியப்பு நீங்கிற்று. வக்காலத்து நாமாவில் கையெழுத்து வாங்கியவரிடம் அன்றைய சட்டம் இல்லையாயின், கட்சிக்காரர் கூலி கொடுத்தும் பயணம் போக முடியாதவரே. பொறுப்பற்ற முஃப்தி யார் என்பதை நாம் பிறரிடம் தேட வேண்டியிருக்கவில்லை.

கற்பிக்கும் முறையும் ஒன்று உண்டு. விரிவுரை கேட்டு வழக்காடக் கற்க இயலாது. 1971 முதல் அமெரிக்காவில் இயங்கிவரும் தேசிய விசாரணை வாதக்கலை நிறுவனம் இதனை உணர்ந்து, வக்கீல்களை எழுந்து நிற்கச் செய்து, சில நிமிடங்கள் சாட்சியை விசாரிக்கவிட்டு, உடனிருக்கும் மூத்தவர் பிழையை அங்கேயே சுட்டும் முறையைப் பரப்பியது. நம் மத்ரஸாக்களில் மாணவர் வாசிக்க ஆசிரியர் செவிமடுத்து, ஒரு ஜபர் ஜேர் பிசகினாலும் நிறுத்தித் திருத்தும் பழக்கத்தை ஒத்தது இது. வேறுபாடு ஒன்றே: நம் மாணவருக்கு வயது பன்னிரண்டு, அங்கே ஐம்பது. ஐம்பது வயதில் பிறர் முன்னிலையில் திருத்தப்படுவது கசப்பானது. முப்பதாண்டு அனுபவமுள்ள ஒரு சீனியர், தம் ஜூனியர்கள் பார்த்திருக்க, “அந்தத் தீர்ப்பு மாறிவிட்டதே” என்ற சொல்லைத் தாங்க வேண்டும். தொடர்கல்விக்கு உண்மையான தடை நேரமின்மையோ பணமின்மையோ அன்று, இக்கசப்பே என்பது நம் எண்ணம். நாமும் அதனைச் சுவைத்தோம். நம்மிடம் ஓதிய பிள்ளை நம்மைத் திருத்தினார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. தவறிழைத்தோம் என்பதைவிட, இவர் வாயால் கேட்க நேர்ந்ததே என்பதுதான் முதலில் வருத்தியது. அப்பெண்ணின் நினைவு அதற்குப் பின்னரே வந்தது. இதனை எழுத நாணுகிறோம். ஆயினும் உண்மை அதுவே.

மறுவாரம் அந்த மூத்த வக்கீலைத் தேடிச் சென்று விவரம் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின், “அந்தத் தீர்ப்போட நகல் கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார். இளைஞரிடமிருந்து வாங்கிக் கொடுத்தோம். இப்பொழுது அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த இளைஞர் நம் ஊரிலேயே தொழில் செய்கிறார். ஞாயிறு தோறும் அஸருக்குப் பின் மத்ரஸாவின் பின்கட்டில் வக்கீல்கள் சிலர் கூடி, ஆளுக்கொரு புதுத் தீர்ப்பை வாசித்துப் பேசுகின்றனர். தொடக்கத்தில் பன்னிருவர் வந்தனர், மழைக்காலத்தில் நால்வராயினர், புதிய சட்டங்கள் வந்தபின் மீண்டும் பதினைவராகியிருக்கின்றனர். முஸ்லிமல்லாத வக்கீல்களும் வருகின்றனர். பஞ்சாயத்துகளில் ஏதேனும் சொல்ல நேரும்போது பிழை நேராதிருக்கும் பொருட்டு, நாமும் கடைசி வரிசையில் ஒரு குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கிறோம்.